எனக்கும் அந்த டயர்களுக்கும் ஒரே வயது

எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாய் நான்தான். சுவிட்சர்லாந்தில், ஷ்லீரனில் எங்களுக்கு வந்த கடிதங்கள், வைத்தியர் சொன்னவை, கீழ்வீட்டுக்காரி போட்ட சத்தம் எல்லாம் என் வழியாகத்தான் அப்பா அம்மாவிடம் போய்ச் சேரும். அப்பாவுக்கு டொச், அதாவது ஜெர்மன், அறவே தெரியாது என்றில்லை. சலவை ஆலையில் ஏச்சு வாங்குமளவுக்கு விளங்கும். ஆனாலும் வெளி ஆட்கள் முன்னால் என்னைத்தான் திரும்பிப் பார்த்து, "என்னவாம்?" என்பார். மிச்சம் என் பொறுப்பு. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை என்னைப் பற்றி அடுக்கிய குறைகளைக்கூட நானேதான் மொழிபெயர்த்தேன். அப்பா பூரித்துப்போய் அவருக்கு மூன்று தரம் நன்றி சொன்னார். ஆசிரியை என்ன நினைத்தாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

எனக்குப் பதினொரு வயதான கோடையில், ஆலையில் ஓய்வு பெற்றுப் போன ஒருவரிடமிருந்து அப்பா ஒரு பழைய வீட்டு வண்டியை வாங்கினார். கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும். அதில் இத்தாலிக் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. அப்பா அம்மாவுக்கு அது ஒரு சுற்றுலா, எனக்கோ மானப் பிரச்சினை. விடுமுறை முடிந்ததும் வகுப்பில் எல்லோரையும் வட்டமாக இருத்தி, எங்கே போனீர்கள் என்று கேட்பார்கள். நான்கு வருடமாக என் பதில், அரை மணித் தூரத்து ஓர்லிகோனில் சித்தி வீடு. இந்த முறை கடல் என்று முன்கூட்டியே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

வண்டியின் டயர்களில் அப்பாவுக்கு ஒரு சந்தேகம். தரையில் படும் பக்கம் ஆழமான கோடுகளோடு புதிதுபோல இருந்தது. பக்கவாட்டிலோ மயிரிழை வெடிப்புகள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, டயர் கடைக்குப் போனோம். அடுக்கி வைத்திருந்த புது டயர்களை அப்பா கத்தரிக்காய் வாங்குபவர்போல ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

கடைக்காரர் எங்கள் வண்டியின் பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, டயரில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைத் தொட்டுக் காட்டினார். முதல் இரண்டும் வருடத்தின் எத்தனையாவது கிழமையில் செய்தது என்பது, கடைசி இரண்டும் எந்த வருடம் என்பது என்றார். கடைசியில் இரண்டு பூச்சியங்கள் இருந்தன. நீ எப்போது பிறந்தாய் என்று கேட்டார். இரண்டாயிரம் என்றேன். நீயும் இதுவும் ஒரே வயது என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். இந்த வயதில் நீ குழந்தை, இது கிழடு. வண்டி ஓடாமல் நின்றதால்தான் கோடுகள் தேயவில்லை, உள்ளே உக்கிப்போயிருக்கிறது. இந்தப் பாரத்தோடு நெடுஞ்சாலைச் சூட்டில் வெடிக்கும். இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே செய்த டயர்தான் போட வேண்டும், அது வந்து சேர இரண்டு கிழமை ஆகும்.

அப்பாவின் லீவு மொத்தமே இரண்டு கிழமை.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"நல்ல ரயராம். காத்து மட்டும் அடிச்சாக் காணுமாம்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"எனக்கும் ரயருக்கும் ஒரே வயசாம். பகிடி விடுறார்."

அப்பா அந்த இலக்கங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, அப்ப காத்தை அடிக்கச் சொல்லு" என்றார். யோசித்துச் சொல்கிறோம், இப்போதைக்குக் காற்று மட்டும் போதும் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டினார். மொழிபெயர்ப்பு இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

திங்கள் காலை அம்மா நான்கு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். நான்கும் நன்றாக நசிந்ததில் அவருக்குத் திருப்தி. இத்தாலிப் பாதையில் கொத்தார்ட் மலைச் சுரங்கத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தபோது பின்பக்க வலது டயர் வெடித்தது. நான் இடப்பக்க இருக்கையில் பட்டி போட்டுக்கொண்டு இருந்தேன். அம்மா வலது யன்னலோரம் இருந்து எனக்குப் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தார். வண்டி அந்தப் பக்கமாகவே சரிந்து விழுந்து இழுபட்டது. அம்மாவின் வலக்கை உடைந்த யன்னலுக்கும் தாருக்கும் நடுவில் போய்விட்டது. முழங்கைக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு பொலிஸ்காரர் அப்பாவிடம் கேட்கச் சொன்னார். இந்த டயர்களைப் பற்றி யாராவது முன்பே எச்சரித்தார்களா? அதைத் தமிழில் சொன்னேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"சொன்னவை. நான்தான் கேக்கேல்லை எண்டு சொல்லு."

அப்படியே சொன்னேன். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். அப்பாவுக்கு யார் சொன்னது, எப்போது சொன்னது என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. எனக்கு ஏச்சு விழவில்லை, அடி விழவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அன்று வந்தது நிம்மதிதான்.

பள்ளிக்கூடம் தொடங்கி வட்டமாக இருந்தபோது, கடல் நன்றாக இருந்தது என்றேன். அம்மா இடக்கையால் எழுதப் பழகினார், இடக்கையால் கறி காய்ச்சப் பழகினார். சபையில் இடக்கையால் சாப்பிட மட்டும் அவரால் முடியவில்லை. கலியாண வீடுகளில் பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பிறகு போவதையே விட்டுவிட்டார்.

பனிக்காலத்தில் நீதிமன்றக் கடிதம் வந்தது. எச்சரித்தும் ஓட்டியதாக அவரே ஒப்புக்கொண்டதால் அப்பா குற்றவாளி என்று அதில் இருந்தது. குடியுரிமைக்கு அவர் கொடுத்திருந்த விண்ணப்பமும் அதோடு நின்றுபோனது. அம்மா பக்கத்தில் இருக்க, அப்பா கடிதத்தை மேசையில் என் முன்னால் வைத்தார்.

"என்னவாம்?" என்றார். பிறகு, "உள்ளதை உள்ளபடி சொல்லு, பிள்ளை" என்றார்.

அந்தச் சொற்களை அதற்கு முன் அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. முக்கியமான கடிதம், அதனால்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன்.