பையன் எப்படி என்று கேட்டார்கள்

"பையன் எப்படி கண்ணு? ஒரே ஆபீஸ்தானே, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு" என்று கலிபோர்னியாவில் எங்கள் பக்கத்து ஊரான டப்ளினிலிருந்து அந்த ஆன்ட்டி போன் செய்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மாட்டினான் என்று நினைத்தேன். இதை மறைத்துவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆன்ட்டிக்கு ஈரோடு பக்கம். அவருடைய பெண் பிசியோதெரபிஸ்ட். என் வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் இருந்த அந்தச் சமயத்தில் வாரம் ஒருமுறை அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்த வழியில்தான் குடும்பமே பழக்கம். ஜாதகம் பொருந்தி, பையனும் பெண்ணும் லிவர்மோர் கோயிலில் பார்த்துப் பேசி, பதினோரு நாளில் நிச்சயம் என்கிற அளவுக்கு வந்துவிட்டதாம்.

அந்தப் பையனோடு எட்டு மாதம் கார்பூலில் போனவள் நான். சான் ரமோனிலிருந்து சான் ஓசே வரை, ஒரு வாரம் அவன் கார், ஒரு வாரம் என் கார். அவனுடைய வாரங்களில், ஃப்ரீவே ஏறியதும் ஊரிலிருந்து அவன் அம்மா கூப்பிடுவார். பேச்சு முழுவதும் கார் ஸ்பீக்கரில். "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டதற்கு, "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? வாய மூடிட்டு வை" என்பான். அந்த அம்மா அழுதால் அதே மாதிரி குரலை மாற்றி அழுது காட்டுவான். வைத்ததும் என் பக்கம் திரும்பிச் சிரிப்பான். "எங்கம்மாவுக்கு இப்படிப் பேசினாதான் புரியும்" என்பான். ஆபீஸில் அவனைப் போலப் பணிவான ஆளைப் பார்க்க முடியாது.

இதோடு இன்னொன்றும் உண்டு. நான் ஆறு மாதம் உட்கார்ந்து போட்ட டிசைனை அவன் தன்னுடையது என்று மீட்டிங்கில் காட்டி டீம் லீட் ஆனான். அன்றோடு கார்பூலும் நின்றது. ஆக, ஆன்ட்டி கேட்டபோது எனக்கு நாக்கு துடித்தது. ஆனாலும் "கொஞ்சம் டைம் குடுங்க ஆன்ட்டி" என்றேன். அவர் நான் ஊரெல்லாம் விசாரிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார். உண்மையில், அதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லி ஒரு பாட்டம் ஆற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு எனக்கு ஓர் ஆள் உண்டு. டெஸ்டிங் டீமில் இருக்கும் யூதப் பெண், என் வயதுதான், ஆறு வருஷமாக மதியச் சாப்பாடு சேர்ந்துதான். வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்தால் சனிக்கிழமை இருட்டும்வரை போனைத் தொடமாட்டாள். கல்லூரியில் தத்துவம் படித்துவிட்டு வயிற்றுக்காகக் கம்ப்யூட்டருக்கு வந்தவள். "எங்க டீம்ல ஒருத்தன்" என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பேர் சொல்லாதே. நான் கேட்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்லப்போவது நூற்றுக்கு நூறு உண்மை என்றேன். "பொய்யாக இருந்தால் அதற்கு வேறு பேர்" என்றாள். அவர்கள் நெறியில் லஷோன் ஹரா என்று ஒரு குற்றம் உண்டாம். தீய நாக்கு என்று அர்த்தம். ஒருவரைத் தாழ்த்துகிற உண்மையைக் காரணமில்லாமல் சொல்வது. சொல்கிறவருக்கும் பாவம், கேட்கிறவருக்கும் பாவம்.

உண்மையைச் சொல்வது எப்படிப் பாவமாகும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முள்கரண்டியை வைத்துவிட்டாள். கொலைகாரன் வாசலில் வந்து நின்று உன் நண்பன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு ஜெர்மன் தத்துவவாதி சொன்னாராம். கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்க அவரோடு மல்லுக்கட்டினாளாம். "அவருக்கு உண்மை என்பது சொல்கிறவனின் கடமை, அத்தோடு முடிந்தது. எங்களுக்கு ஒவ்வொரு பேச்சிலும் மூன்று பேர் இருக்கிறார்கள். சொல்கிறவன், கேட்கிறவன், அங்கே இல்லாதவன். இல்லாதவனுக்காகப் பேச அங்கே யாருமில்லை. அதனால் சட்டம் பேசுகிறது."

இது ஒரு பெண்ணின் கல்யாண விஷயம் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "அப்படியென்றால் நீ சொல்லியே ஆகவேண்டும். ஒருத்தி பள்ளத்தை நோக்கி நடக்கும்போது கைகட்டி நிற்பதும் எங்களுக்குக் குற்றம்தான்." அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. நிபந்தனைகளை அடுக்கினாள்: நீயே பார்த்ததாக, கேட்டதாக இருக்க வேண்டும். ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லக் கூடாது. அவள் நன்மைக்காகச் சொல்ல வேண்டும், அவன் விழவேண்டும் என்பதற்காக அல்ல.

"உனக்கு அவனைப் பிடிக்காதோ?"

"பிடிக்காது."

"முதலில் அதைச் சரிசெய். பிறகு சொல்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மனசு எப்படியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன? வீடு தீப்பிடிக்கிறது என்று கத்துகிறவளிடம், வீட்டுக்காரனை உனக்குப் பிடிக்குமா என்று யாராவது கேட்பார்களா? "நல்ல வாதம்" என்று உற்சாகமாகிவிட்டாள். "விளைவை மட்டும் பார்க்கிற தத்துவவாதிகள் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் வீட்டுக்காரனைப் பிடிக்காதவளின் கண்ணுக்குத் தீ இரண்டு மடங்காகத் தெரியும்." எனக்கு வாதமா வேண்டும்? சொல், சொல்லாதே, இரண்டில் ஒன்று வேண்டும். அவள் கொடுத்ததெல்லாம் ஆனால், ஆனால், ஆனால்.

எரிச்சலோடு எரிச்சலாக அதையும் செய்து பார்த்தேன். ஆன்ட்டியிடம் சொல்லவேண்டியதை ஒரு நோட்டில் எழுதினேன். ராட்சசன் என்ற வார்த்தையை முதலில் அடித்தேன். இதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் அவனால் முறிந்தது என்பது பிறர் சொல்லிக் கேள்விப்பட்டது, அதையும் அடித்தேன். டிசைனைத் திருடியது நான் கண்ணால் கண்டது, ஆனால் கல்யாணத்துக்குச் சம்பந்தமில்லாதது. அதை அடித்தேன், மறுநாள் திரும்ப எழுதினேன், திரும்ப அடித்தேன். அவன்மேல் இருந்த வெறுப்பு மட்டும் ஒரு இம்மியும் குறையவில்லை.

நடுவில் புதன்கிழமை தோள் சிகிச்சைக்குப் போனேன். அந்தப் பெண் என்னைப் படுக்கவைத்துக் கையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே, "பெயின் எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கொஞ்சம் வலிக்குது என்றேன். வேறெதுவும் பேசவில்லை. என் மனசு இன்னும் சுத்தமாகவில்லை என்று ஒரு சாக்கு இருந்தது. தவிர, இதெல்லாம் பெரியவர்களிடம் பேசுகிற விஷயம் என்றும் நினைத்தேன்.

வியாழக்கிழமை ஆன்ட்டிக்குப் போன் செய்து, காரில் கேட்டதை நாலு வாக்கியத்தில் சொன்னேன்.

"அவ்வளவுதானா கண்ணு? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். பெத்தவகிட்ட கோவப்படாத பையன் எங்க இருக்கான்? கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும். குடி கிடி இல்லீல்ல? கிரீன் கார்டு எந்த நிலையில இருக்குதுன்னு ஏதாச்சும் தெரியுமா?"

நாள்கணக்கில் வேக வைத்துச் சலித்து எடுத்துக் கொடுத்தால் கடைசியில் கிரீன் கார்டு! ராட்சசன் என்றே சொல்லியிருந்தால் காதில் விழுந்திருக்கும் என்று தோழிமேலும் அவளுடைய சட்டத்தின்மேலும் ஆத்திரமாக வந்தது. மறுநாள் சாப்பாட்டு மேஜையில் சொல்லியாயிற்று என்று மட்டும் சொன்னேன்.

"யாரிடம்?"

"பொண்ணோட அம்மாகிட்ட."

"பெண்ணிடம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் அப்படியெல்லாம் கிடையாது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அதற்கு மட்டும் அவள் வாதாடவில்லை.

நிச்சயம் நடந்தது. கல்யாணமும் நடந்தது. நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து, டப்ளினில் மளிகைக் கடை வாசலில் பார்க்கிங்கில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் என் காரருகே வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"த்ரீ வீக்ஸா அம்மா வீட்லதான் இருக்கேன் ஆன்ட்டி. நேத்துதான் அம்மா சொன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே நீங்க கால் பண்ணி வார்ன் பண்ணீங்களாமே."

எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதைச் சொல்லவே கூசுகிறது. "ஆமாம்மா, சொன்னேன். அம்மாதான் அதைப் பெருசா எடுத்துக்கல" என்று அவசரமாகச் சொன்னேன்.

"அந்த வீக் நீங்க என்கிட்ட ட்ரீட்மென்ட்டுக்கு வந்தீங்க. ஃபார்ட்டி ஃபைவ் மினிட்ஸ், நாம ரெண்டு பேர் மட்டும்தான் ரூம்ல இருந்தோம். ஏன் என்கிட்ட சொல்லல?"

"பெரியவங்ககிட்ட சொன்னா அவங்க பார்த்துப்பாங்கன்னு..."

"கல்யாணம் எனக்குத்தானே ஆன்ட்டி?"

குரலை அவள் உயர்த்தவே இல்லை. என் மனசு சுத்தமா, அவனுக்கு அநியாயம் செய்கிறேனா, ஆன்ட்டி என்ன நினைப்பார் என்று அத்தனையையும் போட்டு உருட்டியிருந்தேன். அவளிடம் சொல்வதென்றால் என்ன வார்த்தை சொல்வது என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.