தொப்பிக்குள் அடங்காத காது

ஆண் வேடம் போட்ட இளவரசிகளின் கதைகளை எத்தனையோ படித்துவிட்டேன். தலைப்பாகை கட்டிக் குதிரையேறிப் போவாள். அரசவையில் ஒருவனுக்கும் சந்தேகம் வராது. ஒருவன்கூட அவள் காதைப் பார்க்க மாட்டானா என்று எனக்கு எரிச்சல் வரும்.

நானும் வேடம் போட்டவள்தான். 1950களில் என் அத்தாவுக்குத் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம். நான் ஒரே பிள்ளை. எனக்குச் சட்டையும் டவுசரும் மாட்டி, முடியைத் தொப்பிக்குள் திணித்து, சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து வேடசந்தூர் வரை கூட்டிப்போவார். "ஏலே, கெட்டியாப் பிடிச்சுக்க" என்பார். அந்த 'ஏலே'யைக் கேட்பதற்காக எவ்வளவு தூரமும் போயிருப்பேன். ஒன்பது வயதில் அம்மா தடுத்துவிட்டாள். எங்கள் பெண்களின் வழக்கப்படி இரண்டு காதோரத்திலும் வரிசையாகக் குத்தி வளையம் போட்டார்கள். அதோடு சைக்கிள் சவாரி போயிற்று.

எனக்குப் பதினோரு வயதானபோது அத்தா போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அத்தாவின் மய்யித்தைக் குளிப்பாட்டிச் சந்தூக்குப் பெட்டியில் வைத்தபோது, நானும் கபர்ஸ்தானுக்கு வருவேன் என்றேன்.

"பொம்பளைப் பிள்ளைக அங்க வரக் கூடாதும்மா" என்றார் அத்தாவின் அண்ணன், என் பெரியத்தா.

அடக்கும்போது ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரே போடும், நான் போடக் கூடாதா? அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஒரு பிடியாவது என் கையால் விழ வேண்டும்.

பழைய சட்டை இறுக்கிப் பிடித்தது. அத்தாவின் கைலியை மடித்துக் கட்டி, தொப்பியை வைத்துக்கொண்டேன். வளையங்களைக் கழற்றிவிட்டேன். துளைகளை எங்கே கழற்றுவது?

ஆண்கள் தலைகுனிந்து நடந்ததால் தெருவில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. கபர்ஸ்தான் வாசலில் பெரியத்தா திரும்பினார். பார்வை நேரே காதுக்குத்தான் போனது. என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். திட்டவில்லை.

"வீட்டுக்குப் போம்மா. சனம் பாக்குது."

குனிந்து அங்கேயே ஒரு பிடி மண் அள்ளி நீட்டினேன்.

"எனக்காக இதப் போட்டுருங்க பெரியத்தா."

வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு உள்ளே போனார். அந்த ஒரு பிடியை நினைத்துத்தான் வீடுவரை அழாமல் நடந்தேன்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓத வந்த பெரியத்தா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "என் மண்ணப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

துண்டில் கையைத் துடைத்தபடி, "எந்த மண்ணும்மா?" என்றார்.