ராவுத்தர் அனுப்பிய நாரை

கையை நீட்டி, வாழ்த்து அட்டையைத் தன் முகத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகம்மது கனி ராவுத்தர் பெண் குரலில் பேசுகிறார்.

“ஏண்டா தம்பி, இம்புட்டுப் பெரிய ரோசாப்பூ எனக்கு எதுக்குடா? ஒரு படி சீனி வாங்கி அனுப்பியிருக்கக் கூடாதா?”

உடனே கையைத் தாழ்த்திச் சொந்தக் குரலுக்கு வந்துவிடுகிறார். “அக்காளுக்குப் பிடிக்கல அண்ணே. வேற எடுங்க.”

அக்காள் ஜெயினம்பு இருப்பது எழுமலையில். அட்டை ரம்ஜானுக்கு. இந்த வருஷம் ரம்ஜான் சித்திரையில்தான் வருகிறது, இப்போது மாசி. படக்கடை மொக்கைச்சாமி அடுத்த கட்டை அவிழ்க்கிறார். வருஷப் பிறப்பு, ரம்ஜான், வைகாசிக் கல்யாணங்கள் எல்லாவற்றுக்கும் மாசியிலேயே அட்டை பொறுக்குவது ராவுத்தர் வழக்கம். “வெயில் ஏறிருச்சுன்னா நல்ல படமெல்லாம் போயிரும்” என்பார். புது மண்டபத்துப் பக்கம் பொத்தான் கடை வைத்திருக்கிறார். பொத்தான் விற்பதில் இவ்வளவு யோசனை கிடையாது. கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

டி. கல்லுப்பட்டி விருமாண்டியின் கல்யாணத்துக்கு அன்று ஜோடிக் கிளி படம் எடுத்தார். பெண் எந்த ஊர் என்று கேட்டேன்.

“பொண்ணு இன்னும் அமையலை. அட்டை தயாரா இருந்தா அமைஞ்சிரும்.”

“போன வருஷமும் ஜோடிக் கிளி எடுத்தீங்களே?” என்றார் மொக்கைச்சாமி.

“அதுவும் பத்திரமா இருக்கு” என்றார் ராவுத்தர், கொஞ்சமும் அசராமல்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை சறுக்கினார். மூன்று வருஷத்துக்கு முன்னால், கோர்ட்டு குமாஸ்தா சீதாராமனின் பெண் ஸ்யாமளாவின் கல்யாணத்தில். சீதாராமனும் இவரும் அப்படி ஒரு சிநேகம். கோர்ட்டு விட்டதும் ஐயர் நேரே பொத்தான் கடைக்கு வந்து, ராவுத்தர் டப்பியிலிருந்து ஒரு சிமிட்டா மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, ஊர் வம்பு முழுவதையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்தச் சிநேகத்துக்கு ஏற்ற அட்டை வேண்டாமா? சீமையில் அச்சான படம் ஒன்றை ராவுத்தர் தேடிப் பிடித்தார். வெள்ளை நாரை ஒன்று அலகில் மூட்டையைக் கவ்விக்கொண்டு பறக்கும். கீழே தங்க எழுத்தில் ஏதோ இங்கிலீஷ். ராவுத்தருக்கு இங்கிலீஷ் தெரியாது.

மாப்பிள்ளை பந்தலில் வந்து உட்காரும் நேரத்தில் தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். நானும் அங்கே இருந்தேன். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், பட்டணத்துக்காரர், அதை வாங்கிப் படித்துவிட்டு, “சீமையிலே இந்தப் பட்சிதான் குழந்தையைக் கொண்டுவந்து போடும்பா. பிள்ளை பொறந்த ஆத்துக்கு அனுப்பற அட்டைன்னா இது!” என்று பந்தல் பூராவும் கேட்கும்படி சொன்னார். தாலி இன்னும் கட்டவில்லை. சம்பந்தியம்மாள் பாலாம்பாள் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டச் சொல்லிவிட்டாள். கையில் காலில் விழுந்து முகூர்த்தத்தைத் தப்பவிடாமல் காப்பாற்றியதே பெரும்பாடு.

“சீர் மூட்டைன்னு நெனச்சேன் ஐயரே!” என்று கெஞ்சினார் ராவுத்தர்.

“தலை தெரியறதே ஓய்!”

“தேங்காய்னு நெனச்சேன்.”

அன்று முதல் சீதாராமன் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போகிறார். பொடி டப்பி மட்டும் தினமும் சாயங்காலம் மேசைமேல் வந்துவிடுகிறது. பார்க்கிற எனக்கே சங்கடமாக இருக்கும்.

இப்போது ஸ்யாமளா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். அதற்கும் ஓர் அட்டை வேண்டுமே! மொக்கைச்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த நாரைப் படத்திலேயே இன்னொரு பிரதியை நீட்டினார். “இப்பத்தான் இது பொருந்தும் ராவுத்தரே.”

ராவுத்தர் பாம்பைக் கண்டவர் மாதிரி பின்வாங்கினார். “பறவை வேணாம், பூ வேணாம், மூட்டை வேணவே வேணாம். ஒண்ணுமே இல்லாத படமா எடுங்க அண்ணே.”

வெறும் மலைப் படம் ஒன்று கிடைத்தது. அதை எதிரே பிடித்துக்கொண்டு சீதாராமன் மாதிரி இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். அந்தக் காலத்தில் அடுத்தாற்போல, “ராவுத்தர் அனுப்பினதா? வை” என்று ஐயர் குரல் வந்துவிடும். இன்று கனைப்போடு நின்றுவிட்டது.

“ஐயர் பேச மாட்டேங்கிறார் அண்ணே” என்று அட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

பங்குனிக் கடைசியில் பொத்தான் வாங்கப் போயிருந்தேன். கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு சீதாராமன் ஏறி வந்தார். அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். அதே நாரை, அதே மூட்டை. மூன்று வருஷமாக அதை அவர் கிழித்துப் போடவில்லை!

“நேத்து ஸ்யாமளாவுக்குப் பிள்ளை பொறந்திருக்கான்” என்றார், சுவரைப் பார்த்து. “அட்டை முந்தியே வந்துடுத்து. தேதியைத் திருத்திக் குடும்.”

ராவுத்தர் பேனாவை இரண்டு தடவை மையில் தோய்த்தார். வைகாசியை அடித்துவிட்டுப் பங்குனி என்று எழுதினார். ‘விவாகத்துக்கு’ என்றிருந்ததையும் அடித்து, ‘பிள்ளை பிறந்ததற்கு’ என்று எழுதி, ஊதி உலர்த்தினார். பிறகு வழக்கம்போலக் கையை நீட்டி அட்டையைத் தன் முகத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். வாயைத் திறந்தவர் எதிரே நின்றவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அட்டையை மெல்லத் திருப்பி, ஐயரின் முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சீதாராமன் டப்பியிலிருந்து ஒரு சிமிட்டா பொடி எடுத்துக்கொண்டு, இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார்.