தெய்வாத்தாள் உடைத்த பூட்டு

கருமத்தம்பட்டியில் எங்கள் வீதியில் தெய்வாத்தாளைப் போலத் தைரியசாலியும் கிடையாது, அவளைப் போலப் பயந்தாங்கொள்ளியும் கிடையாது. தறிக்குடோனுக்குள் நல்லபாம்பு வந்தால் ஆண்கள் பெஞ்சு மேல் ஏறிக்கொள்வார்கள். தெய்வாத்தாள் விளக்குமாற்றோடு போவாள். ஆனால் தூபக்காலில் புளியங்கொட்டை அளவு கங்கு கிடந்தால் போதும், அவளுக்கு முகமெல்லாம் வேர்த்துவிடும்.

காரணம் அவள் பிடரியில் இருந்தது. கல்யாணமான புதிதில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கவிழ்த்த கூடைக்கு அடியில் சாம்பிராணி போட்டுத் தலைமுடியை உலர்த்தியிருக்கிறாள். அசதியில் கண் அசந்துவிட்டது. முடியில் பற்றிய நெருப்பு பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குச் சுட்டுவிட்டது. அந்த இடத்தில் அப்புறம் முடி முளைக்கவே இல்லை, கொண்டை போட்டு மறைத்துக்கொள்வாள். சூடுகண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனைக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். தறி ஓடினால் பஞ்சு பறக்கும். அது படியாத இடம் மூடி வைத்த சோற்றுப்பானையின் உள்பக்கம் மட்டும்தான்.

அதனால் வெள்ளிக்கிழமை வந்தால் அவள் வீட்டில் ஒரு யுத்தமே நடக்கும். முதலில் குடோன் கதவைச் சாத்துவாள். தட்டில் மணலைப் பரப்பி, அதன் மேல் தூபக்காலை வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுச் சாமி படங்களுக்குப் புகை காட்டுவாள். புகை அடங்கியதும் புறக்கடைக்குக் கொண்டுபோய்ச் செம்புத் தண்ணீரைக் கங்கின் மேல் ஊற்றி, கையை வைத்துச் சூடு பார்ப்பாள். இதைப் புருஷன் பாலுசாமிக்குத் தெரியாமல் செய்வாள்.

“ஏனுங்க்கா, சாமிக்குப் பொகை போடறீங்களா, பேயோட்டறீங்களா?” என்று நான் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பேன்.

“சிரி அம்மணி, சிரி. உன்ற பொடனி நல்லா இருக்குதல்ல, நீ சிரிப்பே” என்பாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஆயுத பூஜை. முந்தின நாளே தறிகளை நிறுத்தி, சந்து பொந்தில் இருந்த பஞ்சையெல்லாம் கூட்டிச் சாக்கில் திணித்து மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் பாலுசாமி தறிதறியாகப் புகை காட்டினார். கங்கு மங்கும்போதெல்லாம் விசிறியால் வீசினார், பொறி பறந்தது. தெய்வாத்தாள் செம்பும் கையுமாகப் பின்னாலேயே நடந்தாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

பூஜை முடிந்ததும் கங்கில் தண்ணீர் ஊற்றக் குனிந்தவளைப் பாலுசாமி பிடித்துக்கொண்டார்.

“பூசைக் கங்குல தண்ணி ஊத்துவியா புள்ளே? தறிக்கு ஆகுமா? அது தானா அவியட்டும்.”

அத்தனை பேர் முன்னால் அவள் என்ன பேசுவாள்? செம்பைக் கீழே வைத்துவிட்டாள். பூஜை போட்ட தறியை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. அவர் குடோனைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, அண்ணன் வீட்டுப் பூஜைக்கு மொபெட்டில் கிளம்பிப் போனார். சொந்தக்காரர்களும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

மகள் சாந்தாமணி பிரசவத்துக்கு வந்து, பெற்று, உள்ரூமில் பச்சைக்குழந்தையோடு படுத்திருந்தாள். அந்த ரூமுக்கும் குடோனுக்கும் நடுவே ஒரே சுவர். காற்றுக்காக மேலே கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தது. நான் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன்.

“அம்மணி, பொகை வாசம் வருதா?”

“பூசை போட்ட ஊட்டுல வராதுங்களாக்கா?”

அதுதான் கொடுமை. வீடு முழுக்கச் சாம்பிராணி மணத்தது. அதற்குள் வேறு என்ன கருகினாலும் யாருக்குத் தெரியும்? தெய்வாத்தாள் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். தொட்டிலைப் பார்த்தாள். “சும்மா இரும்மா, தூங்கோணும்” என்று சாந்தாமணி சலித்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பயம் கொட்டாவி மாதிரி, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளும். நானும் மூக்கை உறிஞ்சிப் பார்க்க ஆரம்பித்தேன்.

“எனக்குப் பயமா இருக்குது அம்மணி. கொழந்தைய வெளிய கொண்டு போ.”

நான் குழந்தையை வாங்கிக்கொண்டு, சாந்தாமணியையும் எழுப்பி வாசலுக்கு வந்தேன். தெய்வாத்தாள் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து பூட்டை அடித்தாள். பூஜை போட்ட குடோன் பூட்டை! பூட்டு உடைந்தது.

உள்ளே நெருப்பு இல்லை. தூபக்காலில் வெறும் சாம்பல். குழந்தையைச் சாந்தாமணி கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்த்த நான் சத்தமாகச் சிரித்தேன். தெய்வாத்தாள் சிரிக்கவில்லை. பஞ்சுச் சாக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அவரு வந்தா நான் என்னன்னு சொல்லுவேன்? சாமி குத்தம் பண்ணிப்போட்டனே…”

எழுந்திருக்கச் சாக்கில் கை ஊன்றியவள் வெடுக்கென்று கையை இழுத்தாள். மறுபடியும் தொட்டாள். பிறகு சாக்கின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டாள். அவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. வீசிய விசிறியில் பறந்த பொறி உள்ளே விழுந்து, தீயே தெரியாமல் பஞ்சுக்குள் கனன்றுகொண்டிருந்தது.

வெந்த கையோடு அவளே சாக்கை வாசலுக்கு இழுத்தாள். காற்றுப் பட்டதும் அது துணிக்கொடி உயரத்துக்குக் குபீரென்று எரிந்தது. சாந்தாமணி குழந்தையோடு வீதிக்கு ஓடினாள். நான் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டினேன். சாக்கு இருந்த மூலைக்கு நேர் பின்பக்கம்தான் தொட்டில் கட்டியிருந்தது. அதை நினைத்ததும் நான் குடத்தைப் போட்டுவிட்டு அழுதேன்.

பாலுசாமி திரும்பி வந்ததும் பூட்டைத்தான் முதலில் பார்த்தார்.

“ஆருடா பூட்டை ஒடச்சது?”

கரிந்த சாக்கையும், வாழையிலை சுற்றிய அவள் கையையும் பார்த்தார். தொட்டிலையும் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தெய்வாத்தாளுக்குக் கை ஆறவில்லை. பாலுசாமியே சாம்பிராணி போட்டார். விசிறியைத் தொடவில்லை. புகை அடங்கியதும் தூபக்காலை எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க வாசலுக்கு வந்தார்.

“ஏம்புள்ளே, செம்பெங்கே?”

தெய்வாத்தாள் இடது கையால் செம்பை நீட்டினாள். அவர் ஊற்றினார். கங்கு ‘சுர்’ரென்றது. ஈரச் சாம்பலுக்குள் விரலை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, “அவிஞ்சு போச்சு, நீயும் பாரு” என்று தூபக்காலை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் பார்க்கவில்லை. அவர் தோளில் முகத்தை வைத்து விசும்பி விசும்பி அழுதாள்.