காலி செய்யச் சொல்லப் போன வீடு

கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டபோது, மீதிப் பணம் எப்படியும் புரண்டுவிடும் என்று நினைத்தேன். ரியல் எஸ்டேட்டில் சம்பாதிப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்த்துத் தேறிய ஆள் நான். வங்கியில் கட்டடத்தின் வயதைக் கேட்டதுமே பேச்சை முடித்துக்கொண்டார்கள். பைனான்ஸ்காரர் மூன்று வட்டி கேட்டார், அதுவும் மாதத்துக்கு. பாபநாசத்தில் இருக்கும் என் அண்ணன், நெல் போட்ட பணமே இன்னும் வரவில்லை என்று கையை விரித்தார். கெடு தவறினால் அட்வான்ஸ் போச்சு. அது என் நகையை விற்ற பணம்.

கடைசியில், வீட்டை ஒத்திக்கு விடலாம் என்று தோன்றியது. ஒத்திக்கு வருகிறவர் மொத்தமாக ஒரு தொகை தருவார். அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை வாடகையில்லாமல் குடியிருப்பார். அந்தத் தொகையில் கிரயத்தை முடித்துவிடலாம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு அம்மா வாடகைக்கு இருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர், தனி ஆள். காலி செய்யச் சொல்லப் போனேன்.

அவர் காபி கொடுத்தார். எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். சொன்னேன். அந்த ஒத்தியைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பணம் வைத்திருப்பவர் வீட்டைத் தானே வாங்கியிருக்கலாமே என்றேன்.

"என் பேர்ல வீடு இருந்தா, வித்துப் பங்கு குடுன்னு பசங்க ரெண்டு பேரும் வந்து நிப்பாங்க. வாடகை வீட்டுல இருக்கேன்னா ஒருத்தனும் வர மாட்டான்" என்றார். பணம் கைமாறுவது யாருக்கும் தெரியக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

பத்திரம் எழுதுபவரிடம் போனோம். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டார். தன் காலம் முடியும்வரை என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு பணத்தை யாரிடம் கொடுப்பது என்று பத்திரம் எழுதுபவர் கேட்டதும், நான் முந்திக்கொண்டு, ஏதாவது கோயிலுக்கு எழுதிவிடலாமே என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏம்மா, எம் புள்ளைங்க இருக்கறப்ப கோயிலுக்கு எதுக்கு?"

பிறகு பத்திரம் எழுதுபவர் பக்கம் திரும்பி, இரண்டு பெயரையும் இனிஷியலோடு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.