மணல்திட்டில் எடுத்த சங்கு

எங்கள் மலையூர் ஜமுனாமரத்தூரில் கைடு வேலைக்கு வரும் பிள்ளைகள், அருவியில் ஆள் விழுந்தால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்பார்கள். நான் கடலில் நடந்ததைச் சொல்வேன்.

அந்தமானில் ஒரு சின்னத் தீவில் ஷோர் எக்ஸ்கர்ஷன் கைடாக இருந்தேன். சொகுசுக் கப்பல் தள்ளி நங்கூரம் போடும். பயணிகள் சின்னப் படகில் படகுத்துறைக்கு வருவார்கள். பவளப்பாறை, மணல்திட்டு எல்லாம் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் கப்பலில் திரும்ப ஏற்றிவிட வேண்டும்.

அன்று என் குரூப்பில் எங்கள் மலையடிவாரத்து ஒடுகத்தூர் வேர்க்கடலை வியாபாரி குமரேசனும் அவர் மனைவி செல்வியும் இருந்தார்கள். என் ஊரைச் சொன்னதும் குமரேசனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இன்னாம்மா இது! கப்பலேறி இம்மாந்தூரம் வந்தா, இங்க நம்ம மலைக்காரப் பொண்ணு நிக்குது!”

மணல்திட்டில் இறங்கும்போதே சொன்னேன். “சங்கு, கிளிஞ்சல் எதையும் தொடாதீங்கண்ணா.” சொல்லிவிட்டு மற்றவர்களை இறக்கப் போனேன். திரும்பினால், குமரேசன் கையில் வலைப்பின்னல் போட்டதுபோல் ஒரு பழுப்புச் சங்கு.

“செல்வி, வூட்டு ஷோகேஸ்ல வெச்சா எப்டி இருக்கும் பாரு... ஸ்ஸ்! இன்னாவோ எறும்பு கட்ச்சா மாதிரி கீது.”

அந்தச் சங்கை எனக்குத் தெரியும். டிரெயினிங்கில் படம் காட்டியிருந்தார்கள். கூம்புச் சங்கு. உள்ளே உயிரோடு இருக்கும் நத்தை ஊசிபோலக் குத்தும். அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. மூச்சு நின்றுவிடும்; விஷம் இறங்கும்வரை யாராவது மூச்சுக் கொடுத்தால்தான் ஆள் பிழைக்கும்.

சங்கைத் தட்டிவிட்டு, என் துப்பட்டாவை அவர் கையில் இறுக்கிச் சுற்றிப் படகில் ஏற்றினேன்.

“அட, ஒண்ணும் இல்லம்மா,” என்றார். பாதி வழியில், “உதடு மரத்துப்போச்சி... நீ ரெண்டு ரெண்டா தெரியற,” என்றார். இமை மூடியது. கழுத்து தொங்கியது. மார்பு ஏறி இறங்குவது நின்றுபோனது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதினேன். செல்வி தாலியைப் பிடித்துக்கொண்டு அலறினார். படகோட்டி தாஸ் குனிந்து பார்த்தார்.

“ஆள் போயிட்டாரும்மா. விட்டுடு.”

“போகல! நாடி அடிக்குது. நீங்க ஓட்டுங்கண்ணே!”

வயர்லெஸ்ஸில் தகவல் போயிருந்ததால் படகுத்துறையில் டாக்டர் காத்திருந்தார். ஆம்பு பேக் என்ற ரப்பர்ப் பையால் காற்றை அழுத்திக்கொண்டே குமரேசனை ஹெலிகாப்டரில் ஏற்றினார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். குமரேசன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். குரல் கரகரத்தது.

“அந்தப் படகுக்காரரு ‘போயிட்டாரு’ன்னு சொன்னது கேட்டுச்சிம்மா.”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“செல்வி அழுதது, நீ கத்தினது, அல்லாம் கேட்டுச்சி. உயிரோடதான் கீறேன்னு சொல்லணும், வாய் அசையல. ஒரு வெரலத் தூக்க முடியல. நீ ஊதறத நிறுத்திடுவியோன்னு பயந்துகினே கெடந்தேன்.”

அருவியோ கடலோ, டாக்டர் வந்து கையில் எடுக்கும்வரை மூச்சுக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். பக்கத்தில் நிற்பவர்களை அழ விடுங்கள்; ‘போயிட்டாரு’ என்று மட்டும் சொல்ல விடாதீர்கள். படுத்திருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “நான் இங்கதான் இருக்கேன், நிறுத்த மாட்டேன்” என்று சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருப்பார்.