மூன்றாவது தட்டில் அரை அங்குலம்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த வேங்கடம் ரேடியோஸில் வேங்கடம் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கடையைத் திறந்த திருவேங்கடத்துக்கு மூன்றாம் வருஷமே ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது. அவர் மனைவி ஜெகதாம்பாள் கடையை எடுத்துக்கொண்டாள். ரேடியோவைத் தூக்கி வருகிறவர்கள் மெக்கானிக் எங்கே என்று கேட்பார்கள். வருவார், உட்காருங்கள் என்பாள். அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே பின்பலகையைக் கழற்றி, பழுதைப் பிடித்து, பாடவைத்துக் கையில் கொடுத்துவிடுவாள். கடைசிவரை மெக்கானிக் வரவில்லையே என்ற குறையோடு வீடு திரும்பியவர்களும் உண்டு.

அவளுக்குச் சங்கீதம் தெரியாது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அவள் காது அதன் அடியில் இருக்கும் இரைச்சலைத் தேடிப் போகும். அவளைப் பற்றிப் பின்னால் பலர் பெரிதாகப் பேசினார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அளக்கத் தெரிந்தவள், அளந்ததைப் பார்த்து யோசிக்கவும் தெரிந்தவள். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

1978இல் அந்த ஊரில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. நடத்தியவர் சாரங்கபாணி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், குழுவில் ஆர்கன் வாசிப்பவர். பாடுவது தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் வச்சலா. பாங்கோஸ் என்ற இரட்டைக் கைமேளம் வாசிப்பவன் சிங்காரம். மாமல்லபுரத்தை ஒட்டிய தேவனேரிக் குப்பத்துக்காரன். விடியற்காலையில் கடல், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. அந்த மாசியில் சாரங்கபாணியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு ரிதம் பாக்ஸ் கொண்டுவந்தார். பட்டனை அமுக்கினால் தானாகவே தாளம் போடும் பெட்டி. சோர்வில்லை, ஓட்டமில்லை, டீ கேட்பதும் இல்லை.

பெட்டி ஓட ஆரம்பித்த அன்றைக்கே சிங்காரத்தின் வாசிப்பு கோணலாகத் தெரிந்தது. அதே தட்டுத்தான், ஆனால் பெட்டியோடு சேரவில்லை. இவன் தாளத்தில் தூங்குகிறான் என்றார் சாரங்கபாணி. பெட்டிக்குக் காது கிடையாது என்றான் சிங்காரம். மூன்று ஞாயிற்றுக்கிழமை இந்தச் சண்டை நடந்தது. நான்காவது வாரம் வாத்தியார் முடிவாகச் சொன்னார்: சித்திரையில் தேவனேரி அம்மன் திருவிழாவுக்குப் பெட்டி மட்டும் போதும்.

தேவனேரி சிங்காரத்தின் சொந்தக் குப்பம். பெண் எடுத்ததும் அங்கேதான். அவன் குழு மேடையில் இருக்க, அவன் மணலில் சனத்தோடு நின்று பார்க்க வேண்டும். பாங்கோஸை மடியில் வைத்துக்கொண்டு அதன் திருகாணிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வச்சலாதான் வழி சொன்னாள். பெட்டி வருவதற்கு முன்பு எடுத்த ஒத்திகை ஒன்று பள்ளிக்கூடத்து ஸ்பூல் டேப்பில் இருந்தது. அதை ஜெகதாம்பாளிடம் கொடுத்து அளக்கச் சொல்லலாமே என்றாள். சாரங்கபாணி உடனே சம்மதித்தார். அளவு என்ற சொல்லைக் கேட்டால் அவருக்கு மனம் இளகிவிடும்.

ஜெகதாம்பாள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். டேப்பின் இரண்டு சக்கரத்தையும் கையால் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு தட்டும் ஒரு முனகலாகக் கேட்கும். கேட்கும் இடத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் டேப்; பக்கத்துத் தையல்காரரிடம் இஞ்ச் டேப் வாங்கி, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே அளந்து நோட்டில் எழுதினாள். மூன்றாம் நாள் மாலை கடையில் வாத்தியாரும் சிங்காரமும் வச்சலாவும் கூடினார்கள்.

நாலு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்குப் பாட்டின் ஆரம்பத்தில் பதினெட்டு அங்குலம், முடிவில் பதினாறரை என்று வாசித்தாள். சிங்காரம் போகப்போக வேகம் கூட்டி ஓடுகிறான் என்று அர்த்தம். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது தட்டு, விழ வேண்டிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி விழுகிறது. சாரங்கபாணி சிங்காரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இருங்க சார்,” என்றாள் ஜெகதாம்பாள். “இவன் மேல ரெண்டு கேஸ் கீது. ஓடறது நெசம், அது தப்புதான். பாட்டுக்குப் பாட்டு ஒவ்வொரு மாதிரி ஓடறான். மூணாவது தட்டு அப்படி இல்ல. அம்பது வாட்டி அளந்துட்டேன், அம்பது வாட்டியும் அதே அரை இஞ்ச். தூங்கறவன் தெனம் ஒரே எடத்துல தூங்குவானா?”

“தப்பை ஒழுங்காப் பண்ணினா சரியாயிடுமாம்மா?”

“அப்போ உங்க மேலயும் கேஸ் போடணும் சார். உங்க ஆர்கனும் அங்க அரை இஞ்ச் லேட்டு.”

சாரங்கபாணி நோட்டை வாங்கிப் பார்த்தார். தானே எழுந்து சக்கரத்தைச் சுற்றிக் கேட்டார். கோட்டை நகத்தால் சுரண்டிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். அதே இடத்தில்தான் விழுந்தது.

வச்சலா தயங்கிச் சொன்னாள், “அங்கேதான் சார் நான் மூச்சு எடுப்பேன். நீங்க ரெண்டு பேரும் அதுக்கு எடம் விடுவீங்க. அந்தப் பொட்டி விட மாட்டேங்குது.”

மாறிக்கொண்டே இருக்கும் பிசகு வேறு, மாறாமல் இருக்கும் பிசகு வேறு; முதலாவதைத் திருத்தலாம், இரண்டாவதைத் திருத்துமுன் அது யாருக்காக அங்கே இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இவ்வளவையும் சிந்திக்கிறவர்கள் பல பக்கம் எழுதித்தான் சொல்லியிருப்பார்கள். ஜெகதாம்பாள் இஞ்ச் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, வேறு வேலைக்குப் போனாள்.

வேறு வேலை என்றால் இதுதான்: ரிதம் பாக்ஸில், சுற்றின் முதல் தட்டுக்கு மட்டும் மின்னும் சின்ன விளக்கு ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு பல்பொடி டப்பாவுக்குள் சிவப்பு பல்பு பொருத்தினாள். பெட்டியின் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டாள். முதல் தட்டுக்குச் சிங்காரம் வெளிச்சத்தைப் பார்த்துச் சரியாக வந்து சேர வேண்டும். மற்ற மூன்றும் அவன் பாடு. சாரங்கபாணி இதற்கு ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. தேவனேரியில் சிங்காரம் ஓடினால் அதுவே அவன் கடைசிக் கச்சேரி.

கச்சேரி மாலை ஐந்து மணிக்கே தொடங்கியது. விடிந்தால் கடலுக்குப் போகிற ஊர், சீக்கிரம் படுக்க வேண்டும். மேடை மணலில், கடலைப் பார்த்து. மெதுவான பாட்டுகளில் சிக்கலே இல்லை. வச்சலா மூச்சு எடுத்தாள், அரை அங்குலம் காத்திருந்தது. ஜெகதாம்பாள் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கர் உறுமுவதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டப் பாட்டு வந்ததும் குப்பமே எழுந்துவிட்டது. முன்னால் ஆடியவன் சிங்காரத்தின் மைத்துனன் தணிகைவேல். “இன்னா மச்சான், பல்ப முறைச்சிப் பாத்துகினே வாசிக்கிற? ஓட்டி வுடு, கை மரத்துப்பூடுச்சா?” என்று மேடைக்கே வந்து கேட்டான். சிரிப்பு அலை மாதிரி பின்னால்வரை போயிற்று. மாமியார் வீட்டுப் பெண்கள் விசிலடித்தார்கள். சிங்காரத்தின் கைக்கு ஓடத் தெரியும், ஓட ஆசையும் இருந்தது. ஒவ்வொரு சுற்றும் சிவப்பு மின்னும் இடத்தில் வந்து இறங்கினான். மைத்துனன் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிப் போனான்.

சாரங்கபாணி இதையெல்லாம் ஆர்கன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மணலில் கால்கள் வேகத்துக்குத் தவிப்பதையும் பார்த்தார். கடைசிச் சரணத்துக்கு முன்னால் இடது கையை நீட்டி, பெட்டியின் வேகத் திருகியைத் துளி நகர்த்தினார். விளக்கு முன்னைவிடச் சீக்கிரம் மின்னியது. சிங்காரம் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவர் ஆர்கனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருகி இன்னொரு துளி நகர்ந்தது. பிறகு வச்சலாவும் சேர்ந்து மூன்று பேரும் ஒன்றாக வேகத்தில் ஏறினார்கள், குப்பமும் கூடவே ஏறியது.

முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது, எவ்வளவு ஏற்றினீர்கள் என்று ஜெகதாம்பாள் வாத்தியாரைக் கேட்டாள்.

“அளக்கலைம்மா,” என்றார் அவர். பிறகு சிங்காரத்தின் பக்கம் திரும்பாமலே, “வெள்ளிக்கிழமை அச்சரப்பாக்கம். நாலு மணிக்கு வந்துடு,” என்றார்.

சிங்காரம் தலையாட்டிவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து ரிதம் பாக்ஸைச் சுற்றிக் கட்டினான். உப்புக்காற்று பட்டால் உள்ளே துரு ஏறிவிடும் என்று தணிகைவேலிடம் விளக்கிக்கொண்டே வேனுக்குத் தூக்கிப் போனான்.